கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு நாள்: ஒரு ஆறு, ஒரு மலை

கேள்வி இது: சென்னையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, எட்டு வயது மகள், மூட்டுவலி உள்ள அம்மா. கையில் இருப்பது சனி, ஞாயிறு மட்டும். கொடைக்கானல் நெரிசல் வேண்டாம்; ஆறும் வயலும் கிராமமும் வேண்டும், எட்டும் தூரத்தில் மலையும் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு இதற்குச் சரிவருமா? மேகமலை, சுருளி, தேக்கடி, போடிமெட்டு, மூணாறு எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாமா?

முதல் கேள்விக்கு என் பதில்: தாராளமாகச் சரிவரும். இரண்டாவதற்கு: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் சின்னமனூர்ப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் ஊர் வழியாகப் போகும் கார்களில் பாதி, பள்ளத்தாக்கை ஒரு நெடுஞ்சாலையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகின்றன. தேனியைத் தாண்டியதும் அடுத்த நிறுத்தம் குமுளி. இடையில் வலமும் இடமும் விரிந்து கிடப்பதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. உங்கள் பட்டியலில் உள்ள ஐந்து இடங்களையும் இணைத்தால் இரண்டு நாளில் பெரும்பகுதி மலைப்பாதையில்தான் போகும். அம்மாவுக்கும் குழந்தைக்கும் நினைவில் தங்குவது வளைவுகளும் வாந்தியும்தான். ஒரு ஆறு, ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கீழே ஆற்றோடு, ஞாயிறு காலை மேலே மேகமலையில்.

ஏன் ஆறு என்று சொல்கிறேன் என்றால், இந்தப் பள்ளத்தாக்கே அந்த ஆற்றால் ஆனது. மேற்கே கேரள எல்லையாக நிற்கும் ஏலமலைத் தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் பக்கமே வாங்கிக்கொள்ளும். நமக்கு வருவது காற்றும் சாரலும். ஜூலையில் மாலை நேரத்தில் மேற்கு முகட்டைப் பாருங்கள்: மேகம் மலையுச்சியில் வழிந்து, பாதி சரிவு இறங்குவதற்குள் காணாமல் போகும். அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் வந்து சேராத பூமி இது. அப்படியிருந்தும் கீழே நெல் இரண்டு போகம் விளைகிறது. காரணம் முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்புவதற்காக 1887-இல் தொடங்கி 1895-இல் அணையை முடித்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் பென்னிகுயிக். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கற்பொடியும் சேர்த்துக் கட்டிய அணை. அங்கே தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியே இந்தப் பக்கம் வந்து, லோயர்கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று ஓடி, தேனி அருகே வைகையோடு சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த நீரை நம்பியிருக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் முதல் போகத்துக்கு ஜூன் 1-இல் தேக்கடி தலைமதகைத் திறப்பது வழக்கம். அன்று விவசாயிகள் பூத்தூவித்தான் தண்ணீரை அனுப்புவார்கள்.

இங்கே ஏராளமான வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு. உங்கள் மகளிடம் இந்தக் கதையைப் பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவள் பார்க்கும் ஒவ்வொரு வாய்க்காலும் அவளுக்கு வேறு மாதிரித் தெரியும்.

சரி, எப்படி வருவது? சென்னை சென்ட்ரலில் இருந்து போடிநாயக்கனூருக்கு வாரம் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி இரவு கிளம்பும். போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு திரும்பும். வாரக்கடைசிப் பயணத்துக்கென்றே போட்டது போல அமைந்திருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடிய மதுரை–போடி தடம் முழுமையாகத் திறந்தது 2023 ஜூனில்தான். அதுவரை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சென்னை என்றால் இரவெல்லாம் பஸ்தான். முன்பதிவு செய்யும்போது நாளையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேனியில் இறங்கி, இரண்டு நாளுக்கும் ஒரே வாடகைக் காராக எடுத்துக்கொள்வது நல்லது. மலைப்பாதை பழகிய உள்ளூர் ஓட்டுநரையே கேட்டு வாங்குங்கள். காரிலேயே வருவதானால் மதுரையிலிருந்து தேனி ஏறக்குறைய 75 கிலோமீட்டர், அங்கிருந்து கம்பம் இன்னும் ஒரு 40.

தங்குவதற்குச் சின்னமனூர் அல்லது கம்பம். தேனியில் பெரிய விடுதிகள் இருக்கின்றன, ஆனால் ஞாயிறு காலையில் மலையேற அங்கிருந்து கிளம்பினால் நல்ல வெளிச்சத்தை வழியிலேயே இழந்துவிடுவீர்கள். மேலே மேகமலையில் தங்கலாமே என்று தோன்றும். அறைகள் குறைவு, முன்கூட்டியே உறுதி செய்யாமல் போகக் கூடாது. ஒருமுறை அறை இருக்கிறது என்று போனில் ஒருவர் சொன்னதை நம்பி நாங்கள் சாயங்காலம் ஏறிப் போனோம். மேலே போனால் அதே அறையை இன்னொரு குடும்பத்துக்கும் கொடுத்திருந்தார்கள். கீழே திரும்பவும் நேரம் தவறிவிட்டது. கைக்குழந்தையோடு அந்தக் குளிரில் நின்ற அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அம்மாவின் உடல்நிலைக்கு இரவில் கீழே இருப்பதே நல்லது. மருத்துவமனையும் மருந்துக்கடையும் பக்கத்திலேயே இருக்கும்.

சனிக்கிழமை காலை தேனியிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது வீரபாண்டி. சாலையோரத்தில் கௌமாரியம்மன் கோவில், பக்கத்திலேயே முல்லையாறு. சித்திரைத் திருவிழா சமயத்தில் தீச்சட்டி எடுக்க வரும் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் அமைதியான இடம். ரயிலில் வந்த களைப்புக்கு ஆற்றில் கால் நனைத்தால் போதும், அம்மா முகத்தில் தெளிவு வந்துவிடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றில் தண்ணீர் நாள் முழுவதும் ஒரே அளவாக இருக்காது. மேலே மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் திறக்கும் அளவைப் பொறுத்து ஏறி இறங்கும். பார்க்க அமைதியாக ஓடும், உள்ளே இழுப்பு இருக்கும். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைத் தாண்டி எங்கும் இறங்க வேண்டாம். தடுப்பணைக்கு மேல் நடந்து போட்டோ எடுப்பதும் கூடவே கூடாது. வெளியூர்ப் பிள்ளைகளை இந்த ஆறு கொண்டுபோன செய்திகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அங்கிருந்து நெடுஞ்சாலையிலேயே போகாமல், மார்க்கையன்கோட்டை, குச்சனூர்ப் பக்கமாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இதுதான் நான் சொல்லும் பள்ளத்தாக்கு. இருபுறமும் வயல், வாய்க்கால் ஓரம் தென்னை, வயலுக்குப் பின்னால் சுவர் போல மலை. காரை நிறுத்திவிட்டு வரப்பில் ஒரு பத்து நிமிடம் நடந்தால் போதும். நாற்று நடும் பருவமாக இருந்தால் பெண்கள் வரிசையாக நின்று நடுவதைப் பார்க்கலாம். வேலையைக் கெடுக்காமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரர் கோவில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம், ஆடிச் சனிக்கிழமைகளில் அந்தச் சாலையே நகராது. சாமி கும்பிட வேண்டும் என்றால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் கோவில் தெருவுக்குள் போகாமல் வயல்வழியோடு திரும்பிவிடுங்கள்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோவில் ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கடந்தவை. பெரிய விளம்பரம் இல்லாததால் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் ஒதுக்கலாம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள், பாறை சுடும்.

அப்புறம் திராட்சை. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். கல்தூண் நட்டு, கம்பி கட்டி, தலைக்கு மேல் கொடி படர விட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் மதியத்திலும் குளுமையாக இருக்கும். கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து செய்யும் காலத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி வைத்துக்கொள்வதால் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அதுதான் இதன் தனிச்சிறப்பு. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விதையுள்ள கறுப்புப் பழம், இனிப்போடு கொஞ்சம் புளிப்பும், வாயில் போட்டதும் ஒரு வாசனையும் இருக்கும். தோல் மெல்லியது, நெடுநாள் தாங்காது. அதனால் சனிக்கிழமை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். ஊருக்கு வேண்டியதை ஞாயிறு கிளம்பும்போது வாங்குங்கள். கொடியிலிருந்து பறித்து அப்படியே குழந்தை வாயில் போட வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். நன்றாகக் கழுவிய பிறகு கொடுங்கள். தோட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் அன்பாகவே உள்ளே விடுவார்கள், ஆனால் அது அவர்களின் வயிற்றுப்பாடு. ‘அண்ணே, பாப்பாவுக்குக் காட்டிட்டு வந்திடுறோம்’ என்று கேட்டுவிட்டுப் போங்கள், திரும்பும்போது இரண்டு கிலோவாவது வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுருளி அருவியா, லோயர்கேம்ப்பா என்று ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். சுருளி கம்பத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மேகமலையில் தூவானம் பக்கம் பெய்யும் மழைதான் இங்கே விழுகிறது. அதனால் கம்பத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மழை பெய்தால் வெள்ளம் வரும், வனத்துறை குளிக்கத் தடை போடும். யானை நடமாட்டம் இருந்தாலும் தடைதான். கிளம்புவதற்கு முன் விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்க வருபவர்களால் நிரம்பியிருக்கும். ஆடி, தை அமாவாசையன்று அந்தப் பக்கமே வேண்டாம். அருவிக்குச் சற்று நடந்துதான் போக வேண்டும், படிகளும் ஈரமாக இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு அது சிரமம்.

ஆகவே உங்கள் குடும்பத்துக்கு என் தேர்வு லோயர்கேம்ப். கூடலூரைத் தாண்டியதும் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் மேலிருந்து கீழ்வரை இறங்குவது தெரியும். பெரியாற்று நீர் அந்தக் குழாய்களில் விழுந்து மின்சாரம் தயாரித்துவிட்டுத்தான் ஆறாகிறது. உள்ளே போக அனுமதி கிடையாது, சாலையிலிருந்து பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும். பக்கத்திலேயே பென்னிகுயிக் மணிமண்டபம். 2013-இல் திறந்தது. சக்கர நாற்காலி இல்லாமலேயே அம்மா மெதுவாகச் சுற்றி வரக்கூடிய இடம். மின் உற்பத்திக்குப் போக மீதி நீரைத் தனியே திறந்துவிடும் வழியில் இரைச்சல் பாலம் என்று ஓர் இடம் இருக்கிறது. தண்ணீர் விழும் சத்தத்தாலேயே அந்தப் பெயர். நீர் திறந்திருக்கும் காலத்தில் பாலத்துக்கு வெகு முன்பே காது நிறைந்துவிடும். மகளிடம் காலையில் வீரபாண்டியில் கால் நனைத்த ஆறு இதுதான் என்று காட்டுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கம்பம் திரும்பும்போது வலதுபக்கம் மேகமலைச் சரிவு முழுவதும் மஞ்சள் வெயில் படியும். மேற்கே முகடு உயரமாக இருப்பதால் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். பள்ளத்தாக்கு நிழலுக்குள் போன பிறகும் கிழக்கு மலை மட்டும் வெளிச்சமாக நிற்கும். அந்த அரை மணி நேரத்தைக் காருக்குள் கழிக்காதீர்கள்.

இப்போது ஞாயிறு. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுங்கள். தென்பழனியில் வனத்துறை செக்போஸ்ட். காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். இது 2021-இல் அறிவித்த ஶ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி; கட்டுப்பாடு நியாயமானது. கேட் திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் குழந்தைக்குத் தலைசுற்றலும் மறந்துபோகும். பாதி உயரத்தில் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிக் கீழே பாருங்கள். முந்தைய நாள் நடந்த வயல்கள், ஆறு, தென்னை வரிசை எல்லாம் பனிமூட்டத்துக்கு அடியில் துண்டு துண்டாகத் தெரியும். சனிக்கிழமையைக் கீழே செலவிடச் சொன்னதன் காரணம் அங்கே நின்றால் புரிந்துவிடும். தெரிந்த ஊரை மேலிருந்து பார்ப்பது தனி சந்தோஷம்.

மேலே ஹைவேவிஸ் பேரூராட்சி, சுற்றிலும் தேயிலை. ஏறக்குறைய 5,000 அடி உயரம். ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, தூவானம் என்று ஐந்து நீர்த்தேக்கங்கள் மலைமடிப்புகளுக்குள் இருக்கின்றன. கரையோரம் போகத் தோன்றும். யானைகளும் அங்கேதான் தண்ணீருக்கு வரும். தேயிலைத் தோட்டங்கள் தனியார் இடம், சாலையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். மகாராஜா மெட்டு என்ற காட்சிமுனை வரை போகச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். ஹைவேவிஸுக்கு அப்பால் சாலை எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு அங்கே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அம்மாவின் முதுகுக்கு அது தாங்காமல் போகலாம். பெட்ரோல், பணம், மருந்து எல்லாம் சின்னமனூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பையோ பாட்டிலோ ஒன்றைக்கூட மேலே விட்டுவிட்டு வராதீர்கள். மழைக்காலம் என்றால் புல்லில் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பு எடுத்துப்போங்கள்.

இந்த மலையின் அருமைக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். இங்கே தோட்ட அதிகாரியாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் 1948-இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து மும்பை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். சாதாரண வகை என்று எண்ணி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டு கழித்து, 1972-இல், தாய்லாந்து ஆய்வாளர் ஒருவர் எடுத்துப் பார்த்தபோதுதான் அது உலகுக்கே புதிய இனம் என்று தெரிந்தது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயரை அதற்கு வைத்தார்கள். சாலையோரத்து மரக்கூட்டத்தில் இருவாச்சிப் பறவையின் சிறகோசை கேட்டாலும், கருமந்திக் குரங்கு தாவுவதைப் பார்த்தாலும் இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்கு மேல் மூட்டம் இறங்க ஆரம்பிக்கும். அதற்குள் பார்த்துவிட்டு, மதியம் இறங்கத் தொடங்கினால் ரயிலுக்கு அவசரமே இல்லை.

பட்டியலில் விட்டுப்போனவை பற்றிச் சுருக்கமாக. போடிமெட்டு 17 வளைவுகளோடு நல்ல சாலை, ஆனால் அதில் ஏறினால் மனம் மூணாறு வரை இழுக்கும், ஞாயிறு மாலை நெரிசலில் திரும்ப வேண்டும். தேக்கடிப் படகுக்குத் தனி நாள் வேண்டும். கொழுக்குமலை சூரிய உதயம் அற்புதமானது. விடியுமுன் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிப் போகும் வழி அம்மாவுக்கு ஆகாது. நண்பர்களோடு குரங்கணியில் நடக்க ஆசைப்பட்டால், வனத்துறை அனுமதியோடு, திறந்திருக்கும் காலத்தில் மட்டும். 2018 மார்ச்சில் அந்த மலையில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்தால் தப்பி ஓட நேரமே கிடைக்காது. குறுக்குவழி தெரியும் என்று கூப்பிடுபவர் பின்னால் போகவே கூடாது.

எந்த மாதம்? டிசம்பர் கடைசி முதல் ஜனவரி முடிய எனக்கு மிகப் பிடித்த காலம். வானம் தெளிவு, இரண்டாம் போகம் பச்சையாக நிற்கும், மேலே நல்ல குளிர். ஜூலை, ஆகஸ்டும் நன்று. காற்று பலமாக வீசும், சாரல் விட்டு விட்டு வரும், முதல் போக நடவு முடிந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் மண்சரிவும் அருவித் தடையும் இருக்கும். ஏப்ரல், மே வேண்டாம். ஆற்றில் தண்ணீர் குறைந்து, வயல் அறுவடை முடிந்து வெறும் அடித்தாளாகக் கிடக்கும்.

அம்மாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்று அன்று காலை தோன்றினால், அவரோடு ஒருவர் கீழேயே இருந்துவிடுங்கள். சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் கோவிலில் காலைப் பொழுது நிம்மதியாகப் போகும். மற்றவர்கள் மேலே போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். அப்புறம் திராட்சை வாங்கிக்கொண்டு எல்லோருமாகப் போடிக்குக் கிளம்புங்கள்.